ஆள் வேண்டும் என்று கேட்ட மகனுக்கு

தம்பி, போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்தபோது நான் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "திவ்யாவுக்கு ஏழாம் மாசம் ஆரம்பிச்சிருச்சும்மா. இனியாவையும் பாத்துக்கிட்டு வேலைக்கும் போறது ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஒரு ஆள் இல்லாம முடியாதும்மா. டிக்கெட் பாத்துட்டேன், கெளம்பி வந்துரு" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்று சிரித்தாய். யோசிக்க இருந்தது. எட்டு நாள் யோசித்தேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாய். பிடிக்காத இடம் வந்தால் லைன் சரியில்லை என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பெரம்பலூர் தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் போடப்போகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். திவ்யாவும் படிக்கட்டும். இனியா தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற நாள் வந்தால் அவளும் படிக்கட்டும். மறைத்து எழுதுகிற விஷயம் எதுவும் இதில் கிடையாது. ஆனால் இதைப் படித்து உனக்கு மனம் குளிரும் என்று எதிர்பார்க்காதே.

முதலில் உன் பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன், நீ அங்கே பிறந்து வளர்ந்தவன்போல் ஆகிவிட்டாய் என்பதால். கனடாவுக்குப் போன முதல் வருடம் உனக்குக் கடைக்குப் போகவே தெரியாது. இங்கே இருந்தவரை ஒரு கொத்துமல்லிக் கட்டு வாங்கியிருப்பாயா? உழவர் சந்தைக்குப் போடா என்றால் பையைக்கூடக் கையில் பிடிக்கக் கூச்சப்பட்டுச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வாய். அங்கே போனதும் தினமும் எனக்குப் போன். எனக்குப் பொழுது விடிகிற நேரம், உனக்குக் கடை மூடுகிற நேரம். வீடியோவில் ஒவ்வொரு அலமாரியாகக் காட்டுவாய். "அம்மா, இது தொவரம்பருப்பா கடலைப்பருப்பா?" "அம்மா, மைதான்னு வாங்கிட்டு வந்தேன், தோசை இனிக்குதும்மா." மாவுச் சர்க்கரையில் தோசை ஊற்றிய ஒரே ஆள் நம் வம்சத்தில் நீதான். இட்லி அரிசி என்று ஏதோ ஒட்டுகிற அரிசியை வாங்கி ஊறவைத்து, மிக்சியைக் கெடுத்து, அன்றைக்குப் பட்டினி கிடந்தாய். நான் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். உன் அப்பா பக்கத்தில் நின்று போனுக்குள் எட்டிப் பார்த்து, அங்கே வலைப்பையில் பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயத்தைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைக் கண்டு, "அடப்பாவி, இத எண்ணியா விக்கிறான்?" என்று சிரித்த சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் நம் காட்டில் விளைந்த வெங்காயத்தைப் பட்டறை போட்டு மூட்டை மூட்டையாகச் சேமித்துவைத்தவர்.

அப்போதெல்லாம் நான் தினமும் உன்னோடு அந்தக் கடைக்குள் இருந்தேன். தக்காளியை எப்படி அமுக்கிப் பார்ப்பது, முருங்கைக்காயை எப்படி முறுக்கிப் பார்ப்பது, கத்திரிக்காயின் காம்பு பச்சையாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது எல்லாம் போனில் சொல்லித்தான் கற்றுக்கொண்டாய். வெண்டைக்காய் மட்டும் உனக்கு வரவே இல்லை. முற்றலாகவே வாங்கி, குழம்பு வைத்து, நார் நாராகத் துப்பினாய். நுனியை ஒடிச்சுப் பாருடா, பிஞ்சா இருந்தா டக்குன்னு ஒடியும், முத்தல்னா வளையும் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "இங்க எல்லாம் பாக்குறாங்கம்மா" என்பாய். பார்த்தால் என்ன, அவர்களும் தின்னத்தானே வாங்குகிறார்கள் என்பேன். பிறகு கல்யாணம் ஆயிற்று. கடையிலிருந்து போன் வருவது நின்றது. திவ்யா நறுக்கி உறையவைத்த பாக்கெட்டுகளைப் பழக்கிவிட்டாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அதுதான் தோது. உனக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. எனக்கும் விடிந்ததும் செய்ய ஒரு வேலை குறைந்தது.

அப்பா போன பிறகு என்னை அங்கே கூட்டிப்போனாய். ஐந்து மாதம் இருந்தேன். நீ நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய். கனமான கோட்டு வாங்கிக் கொடுத்தாய், சேலைக்குக் கீழே போட ஷூ வாங்கிக் கொடுத்தாய். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. நானும் பழகிக்கொண்டேன். ரோட்டில் யாரும் இல்லாவிட்டாலும் சிக்னலுக்கு நிற்கப் பழகினேன். எதிரே வருகிறவர் இடிக்காமலே போனாலும் 'சாரி' சொல்லப் பழகினேன். குப்பையை மூன்று டப்பாவாகப் பிரிக்கப் பழகினேன். எந்த டப்பா எந்தக் கிழமை என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டுக்குள் ஒரு சத்தம் இருக்காது. நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிப்போன பிறகு, இனியா பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வரைக்கும், பேசுவதற்கு எனக்கு ஒரு மனித முகம் கிடையாது. வாரத்துக்கு ஒருநாள் சனிக்கிழமை கடைக்குப் போவதுதான் எனக்குத் திருவிழா. அதற்காக வெள்ளிக்கிழமையே தலைக்குக் குளித்துவிடுவேன். இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாய் என்று.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். மறந்தவன்போல் இருக்க உனக்கு நன்றாக வரும். இந்தியக் கடைக்குப் போகாமல் பெரிய கடைக்குப் போனோம். திவ்யா வீட்டில் இருந்தாள். இனியாவைத் தள்ளுவண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்து நீ தள்ளிக்கொண்டு வந்தாய். காய்கறிப் பக்கம் போனதும் வெண்டைக்காயைக் குவித்துவைத்திருந்ததைப் பார்த்தேன். மூன்று மாதமாக உறைந்த வெண்டைக்காயைத் தின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்! கை தானாகப் போயிற்று. ஒன்றை எடுத்து நுனியை ஒடித்தேன். டக்கென்று ஒடிந்தது. பையில் போட்டேன். அடுத்தது வளைந்தது, ஒதுக்கினேன். நாற்பது வருடமாகச் செய்கிற வேலை. எத்தனை ஒடித்தேன் என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் பச்சை ஏப்ரன் கட்டிய ஒரு சின்னப் பெண் எனக்கு எதிரே நிற்கிறாள். மரியாதையாகத்தான் ஏதோ சொன்னாள். நானும் சிரித்து, வளைந்த காய் ஒன்றை அவளிடம் காட்டி, "முத்தலும்மா இது, பாரு, ஒடிய மாட்டேங்குது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சுற்றிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் என் நிறத்தில் இருந்தது நீ ஒருவன்தான்.

நீ ரொட்டி அலமாரிப் பக்கம் உன் ஆபீஸ் மேனேஜரோடும் அவர் மனைவியோடும் நின்று பேசிக்கொண்டிருந்தாய். முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவரைப் பற்றித்தான் பேசினாய், உன்னை மேலே தூக்கிவிடப் போகிறார் என்று. அந்தப் பெண் உன்னிடம் வந்து, "இஸ் ஷி வித் யூ?" என்றாள். நான் உன்னைத் 'தம்பி' என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்த மேனேஜரையும் பார்த்தாய். "சாரி. ஷி இஸ் நாட் வித் மீ" என்றாய். நான் பத்தாவது வரை படித்தவள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். நீ தடுமாறியிருந்தால், குரல் நடுங்கியிருந்தால், பயந்துவிட்டான் பிள்ளை என்று அன்றைக்கே மன்னித்திருப்பேன். நீ நடுங்கவில்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிறமாதிரி சொன்னாய். சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாய். வண்டிக்குள் இருந்த உன் மகள் என் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணை எடுக்கவில்லை.

நான் உன்னைக் கூப்பிடவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றினேன். ஒடித்த நுனிகளையெல்லாம் பொறுக்கிக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் சாரி சொல்லிவிட்டு, காய்ப் பையை அங்கேயே வைத்துவிட்டு, வெளியே வந்து தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் நின்றேன். பனி பெய்து ஓய்ந்திருந்தது. வெகுநேரம் கழித்து வந்தாய். "ஏம்மா இங்க நிக்கிற? உள்ளாற எங்கெல்லாம் தேடுறது?" என்றாய். உன் இரண்டு கையிலும் நிறைந்த பைகள். தாயைக் காணோம் என்று தேடுகிறவன் வரிசையில் நின்று பில் போட்டுவிட்டா வருவான்? காரில் ஏறியதும், "இங்கெல்லாம் ஒடிக்கக் கூடாதும்மா, தப்பா எடுத்துப்பாங்க" என்றாய். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் திவ்யா, "வெண்டைக்காய் வாங்கலயா அத்தை, உங்களுக்குப் பிடிக்குமே?" என்று கேட்டாள். நீ முந்திக்கொண்டு, "நல்லா இல்ல" என்றாய். ஒரே சனிக்கிழமையில் எத்தனை பொய் சொன்னாய் என்று எனக்கு அப்போது கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் இனியாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று சோபாமேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, "அப்பத்தா, யூ ஆர் நாட் வித் மீ" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்கு அது ஒரு நல்ல பாட்டுமாதிரி பிடித்துப்போயிற்று. திரும்பத் திரும்பச் சொல்லிக் குதித்தாள். திவ்யா என்னவென்று புரியாமல் சிரித்தாள். உனக்கு முகம் கறுத்தது. எழுந்துபோய் அவள் கையிலிருந்த டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டாய். அவள் அழுதாள். ஏன் பிடுங்கினாய் என்று கடைசிவரை அவளுக்கும் சொல்லவில்லை, உன் பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை. நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பார்த்து எனக்கு வந்தது கோபம் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை தம்பி, வந்தது பயம். அந்தப் பிடுங்கலை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பிடுங்கியவள் நான்.

உனக்கு எட்டு வயது. பெரம்பலூர் டவுனில் அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்க்க ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா அம்மா இரண்டு பேரையும் பார்த்துத்தான் சீட்டுக் கொடுப்பார்கள், படித்தவர்கள் பிள்ளை என்றால்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் ஹெட்மாஸ்டரிடம், உன் அப்பா சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார் என்று சொன்னேன். ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் சிங்கப்பூரில் இருந்ததால் அந்தப் பொய் வாயில் சுலபமாக வந்தது. ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு ஒரு மூட்டை சின்ன வெங்காயம் கொடுத்தால் நல்லது என்றும் நானே முடிவு செய்தேன். உன் அப்பாவிடம், "என்னங்க, பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வந்து கேட்டுல வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயிருங்க" என்றுதான் சொல்லியிருந்தேன். அந்த மனுஷனுக்குப் பிள்ளை படிக்கப்போகிற பள்ளிக்கூடத்தை ஒரு தடவை உள்ளே வந்து பார்த்துவிட ஆசை. மடித்துக் கட்டிய வேட்டி, செம்மண் காலோடு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே ஹெட்மாஸ்டர் அறை வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரும்மா இது?" என்றார் ஹெட்மாஸ்டர். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் யோசிக்கக்கூட இல்லை. "நம்ம காட்டுல வேல செய்யுற ஆளுங்க சார்" என்றேன். "அப்படியா, அவனப் பின்பக்கமாப் போயி எறக்கச் சொல்லுங்க" என்றார் அவர். உன் அப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சரிங்க" என்று ஹெட்மாஸ்டருக்குச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தலையில் மூட்டையோடு குனிந்து, "அப்ப நான் போயிட்டு வரட்டுங்களாம்மா?" என்றார். கட்டிய புருஷன் என்னை அப்படிக் கேட்டார். நான் 'ம்' என்று தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது வெட்கமாக இல்லை, அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். அப்பாடா என்று இருந்தது. நல்லவேளை, சமாளித்துவிட்டார் என்று நினைத்தேன். சீட்டும் கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது, "அப்பாவ ஏம்மா ஆளுன்னு சொன்ன?" என்று நீ கேட்டாய். ஜனங்கள் பார்க்க உன் கன்னத்தில் அறைந்தேன். கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கி எறிந்தேன். நீ அழுதுகொண்டே பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு நீ அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பதிலுக்கு வேறொன்று செய்தாய். உன்னோடு படித்த பையன்களிடம் உன் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தாய். அவர் கப்பலில் அனுப்பிய பொம்மைகளைப் பற்றியெல்லாம் கதை விட்டாய் என்று ஒரு டீச்சர் எனக்குச் சொன்னாள். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன், பிள்ளை எவ்வளவு சாமர்த்தியம் என்று. வீட்டில் வந்து அதை உன் அப்பாவிடம் வேறு சொன்னேன். அவர் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் அனுப்பியிருக்கேன் போ" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த மனுஷன் ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "சீட்டு கெடச்சிருச்சா?" என்றார், கிடைத்தது என்றேன், சாப்பிட்டார். ஆனால் அதற்குப் பிறகு நீ படித்த எந்த இடத்துக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. ஆண்டு விழா என்றாலும் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொள்வார். நீ திருச்சியில் பட்டம் வாங்கிய அன்று புதுச் சட்டை, புது வேட்டி எடுத்துக் கொடுத்துக் கூட்டிப்போனேன். மண்டபத்து வாசல்வரை வந்தவர் வேப்பமரத்தடியில் கார்களுக்கு நடுவே நின்றுவிட்டார். "உள்ள வாங்க, பிள்ள தேடும்" என்றேன். "நம்ம ஆளுதான, வெளியவே நிக்குறேன், நீ போயிட்டு வா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பதின்மூன்று வருடம் அந்த ஒரு வார்த்தையைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். நான் உள்ளே போய் உனக்குக் கை தட்டினேன். அவரிடம் ஒருநாள் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன், விதைப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும், உன் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அவர் முடிந்துபோனார். தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் பனியில் நின்றபோதுதான் அந்த வேப்பமரத்தடி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அன்றைக்கு உன்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்கு இல்லை.

போன வியாழக்கிழமை நம் ஊர் குரும்பலூரிலிருந்து பஸ் ஏறி, அந்த ஹெட்மாஸ்டர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். ரிட்டயர்டாகி துறைமங்கலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். உன் பேரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். "அட, சிங்கப்பூர்க்காரர் பையன்! உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றார். நான் வெங்காய மூட்டையைப் பற்றி ஆரம்பித்தேன். அவருக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. "ஆமாமா, ரொம்ப நாளு வச்சிருந்து சாப்புட்டோம். ஒரு ஆளு கொண்டாந்து போட்டான்ல? நல்லா ஒழைக்கிற ஒடம்பு. அவன் இன்னும் ஒங்ககிட்டதான் இருக்கானா?" என்றார். இருக்கானா என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்மேல் குற்றம் இல்லை. அந்த 'ன்' நான் போட்டுக் கொடுத்தது. "இல்லீங்க சார், தவறிட்டாருங்க" என்றேன். அடடா என்றார். "அவருதாங்க சார் எங்க வூட்டுக்காரரு. பையனோட அப்பா. சிங்கப்பூருக்கெல்லாம் போகவே இல்லீங்க" என்றேன்.

அவர் காதை என் பக்கம் சாய்த்தார். காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். உள்ளே இருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "காபி கொண்டாம்மா" என்று உள்பக்கம் சொன்னார். பிறகு, "பையன் இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டார். கனடா என்றேன். "பரவால்ல, நல்லா வந்துட்டான்" என்றார். காபியைக் குடித்தேன், கும்பிட்டுவிட்டு வந்தேன். மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் போனேன். ஒன்றும் ஆகவில்லை. கேட்க வேண்டியவர் கேட்கமுடியாத இடத்துக்குப் போன பிறகு யாரிடம் சொல்லி என்ன? திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் இல்லை, குரும்பலூர்வரை நின்றுகொண்டே வந்தேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். திவ்யாவுக்கு நாட்டு மருந்துக் கடையில் பிரசவ மருந்துச் சாமான் வாங்கி, இடித்துச் சலித்துப் பார்சலில் அனுப்புகிறேன். அது அவளுக்கு, உனக்காக இல்லை. எதை எப்போது கொடுப்பது என்று அவளிடம் நேரே சொல்லிக்கொள்கிறேன். ஆள்தான் வேண்டும் என்றால் அந்த ஊரிலேயே கிடைக்கும், விசாரித்து வைத்துக்கொள். கூலி வாங்குகிறவளை நீ யாரிடமும் மறைக்க வேண்டியதும் இல்லை. அம்மா வேண்டும் என்றால் ஒரு காரியம் செய்ய வேண்டும். இனியாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெரிய கடைக்குப் போ. அந்தப் பச்சை ஏப்ரன் பெண் இருப்பாள். அவள் இல்லாவிட்டால் வேறு யாராவது இருப்பார்கள். அவளுக்கு என்னை ஞாபகம் இருக்காது, நீ யார் என்றே தெரியாது, பைத்தியக்காரன் என்று நினைப்பாள். பரவாயில்லை, நினைக்கட்டும். என் போட்டோவைக் காட்டி, இது என் அம்மா, அன்றைக்கு என்னோடுதான் வந்திருந்தாள் என்று சொல். இங்கிலீஷில் சொல், உன் மகளுக்கு அந்தப் பாஷைதான் உறைக்கிறது. அவள் காதில் விழும்படி சொல்.

இது அநியாயம், ஒரு வெண்டைக்காய்க்கு இவ்வளவா என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். உன்மேல் எனக்குப் பிரியம் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதே. போயிருந்தால் பேசாமல் விமானம் ஏறி வந்து, சம்பளம் இல்லாத ஆளாக ஆறு மாதம் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, சாரி சொல்லிக்கொண்டு திரும்பி வந்திருப்பேன். எனக்கு அது சுலபம். ஆனால் உன் மகளுக்கு இப்போது ஐந்து வயது. உனக்கு எட்டு வயதில் நான் கொடுத்ததை நீ அவளுக்கு ஐந்து வயதிலேயே கொடுத்துவிட்டாய். நாளைக்கு அவள் பெரியவளாகி, அவளுடைய மேனேஜருக்கு முன்னால், கோட்டுப் போட்ட ஒரு கிழவன் எதையோ தப்பாகத் தொட்டுவிட்டு நிற்கும்போது, அவள் தடுமாறவும் மாட்டாள். அன்றைக்கு நீ போன் செய்து அழ நான் இருக்கமாட்டேன்.

டிக்கெட்டை நான் சொல்கிறவரை உறுதி செய்யாதே. கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாயானால், எனக்கு நீ விவரம் சொல்ல வேண்டாம், இனியாவிடம் போனைக் கொடு, அவள் சொல்லட்டும். அன்றைக்கே கிளம்புகிறேன். சொன்ன கையோடு அங்கேயே நின்று கால் கிலோ வெண்டைக்காயும் வாங்கு. ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்கு. யாராவது வந்து கேட்டால், என் அம்மா சொல்லிக்கொடுத்தது என்று சொல். அதைச் சொல்ல உனக்கு வாய் வராது என்றால், எனக்குப் போன் செய்யாதே. உறையவைத்த பாக்கெட்டையே வாங்கித் தின்று காலத்தைத் தள்ளு. அதில் ஒடித்துப் பார்க்க நுனியே இருக்காது.